பக்கத்து ஆசனத்தில் இருப்பவருக்கும் உரிமையுண்டு

மலைநாட்டில் வாழும் நம்மைத் தேடி உலகமே வருகிறது. 2018ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 23 இலட்சத்துக்கும் அதிகம். பின்னர் 2019 ஏப்ரலின் குண்டுவெடிப்புகளும் கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் அந்தத் தொகையை விழுத்தின. ஆனாலும் 2024இல் அது மறுபடியும் 20 இலட்சத்தைத் தாண்டியது. அவர்களுள் எத்தனையோ பேர் கண்டியில் கோச்சி ஏறி, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று நம் வாசல் வழியாகத்தான் எல்லைக்கும் பதுளைக்கும் போகிறார்கள். கோச்சியின் வாசலில் தொங்கிக்கொண்டு அவர்கள் கையசைக்கிறார்கள். நாமும் கையசைக்கிறோம். அத்துடன் எல்லாம் முடிந்துவிடுகிறது.

நாம் பயணம் போகும்போதும் கதை இதுதான். பஸ்ஸில் ஏறியவுடன் யன்னலோரம் பிடிக்கிறோம். காதில் ஹெட்போன், கையில் போன். மூன்று மணித்தியாலம் தோளோடு தோள் உரசி ஒருவர் பக்கத்தில் இருந்திருப்பார். இறங்கும்போது அவர் முகம்கூட நினைவிருக்காது. "எங்கே போனாய்?" என்று கேட்டால் ஊர்ப் பெயர்களை அடுக்குகிறோம். "யாரைக் கண்டாய்?" என்று கேட்டால் விடையில்லை.

பயணத்தின் பாதிப் பயன் சகபயணியிடம் இருக்கிறது என்பது என் கருத்து. அவரோடு எப்படிப் பழகுவது, எதைக் கேட்பது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்பதைப் பெண்பிள்ளைகளாகிய எங்களுக்கு வீடும் கல்லூரியும் கற்றுத்தர வேண்டும். "யாரோடும் பேசாதே" என்ற ஒற்றை அறிவுரை அதற்குப் போதாது. இதை ஏன் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். பெற்றோரும் வாசிக்கும் மலர் இது என்பதால், அவர்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில், நாம் யார் என்று பார்ப்போம். கண்டி இராச்சிய காலத்தில் நம் முன்னோர் பலர் தவளம் நடத்தியவர்கள். பொதிமாடுகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு, கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏற்றினார்கள். மலையிலிருந்து பாக்கை இறக்கினார்கள். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடங்கொடுத்தான். அவர்களுள் பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பக்கத்தில் குடியேற்றினான் என்று வரலாற்றில் படிக்கிறோம். வழிப்போக்கராக வந்தவருக்குக் கதவு திறந்த ஒருவர் இருந்ததால்தான் நாம் இன்று இங்கே இருக்கிறோம்.

தோட்டத்து மக்களின் கதையும் ஒரு பயணத்தில்தான் தொடங்குகிறது. 1820களிலிருந்து தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து புறப்பட்டு, கடல் தாண்டித் தலைமன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் அவர்கள். முதலில் கோப்பிக்காக வந்தார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பியை இலைநோய் பிடித்தது. அதன்பின் மலை முழுவதும் தேயிலையாயிற்று. அந்த நடைவழியில் காய்ச்சலாலும் பசியாலும் விழுந்தவர்கள் ஏராளம். 2023இல், அவர்கள் வந்து 200 ஆண்டு நிறைவையொட்டி, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபவனி புறப்பட்டது. முன்னோர் நடந்த வழியை நினைவுகூர்ந்து நடந்தவர்கள் ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை வந்தடைந்தார்கள். வழியில் எல்லா இனத்தவரும் அவர்களை வரவேற்றதைச் செய்திகளில் கண்டோம்.

ஆகவே, மலைநாட்டில் பயணி என்பவர் வெளியே இருந்து வந்த வேற்றாள் அல்லர். நம் பாட்டன் பூட்டன்மார் எல்லோரும் ஒரு காலத்தில் பயணிகளே.

நம் மார்க்கமும் பயணியைச் சாதாரணமாக விட்டுவிடவில்லை. ஸக்காத் பெறத் தகுதியுடையோர் என்று குர்ஆன் எண்ணிச் சொல்லும் எட்டு வகுப்பாருள் வழிப்போக்கரும் ஒருவர். தன் ஊரில் செல்வந்தராக இருப்பவரும் வழியில் கையற்று நின்றால் அவருக்கு அதில் பங்குண்டு என்று நம் ஆசிரியைகள் விளக்கியிருக்கிறார்கள். சூரத்துந் நிஸாவில் பெற்றோர், உறவினர், அநாதைகள், அயலவர் என்று நன்மை செய்ய வேண்டியவர்களைச் சொல்லிவரும் வசனத்தில், பக்கத்தில் இருக்கும் தோழரும் சேர்க்கப்பட்டிருக்கிறார். பிரயாணத்தில் கூட வருபவரும் இதில் அடங்குவார் என்று விளக்கம் தந்த அறிஞர்கள் உண்டு. பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் பக்கத்தில் அமர்ந்தவருக்கும் நம்மீது ஓர் உரிமை உண்டென்றால், அவரைச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு இறங்குவது எப்படிச் சரியாகும்?

இந்த மலைக்கு வந்த பயணிகளுள் பெரும்பெயர் பெற்றவர் இப்னு பதூதா. மொரோக்கோ தேசத்துத் தன்ஜாவில் பிறந்த அவர், மாலைதீவில் காழியாக இருந்துவிட்டு, 1344இல் இலங்கையின் மேற்குக் கரையில், புத்தளம் என்று கருதப்படும் துறையில் இறங்கினார். அங்கே ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றார். அரசருக்குப் பாரசீகம் விளங்கியது. அதனால் பேச்சு நடந்தது. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கப்பட்டபோது, ஆதம் நபியின் பாதச்சுவடு இருப்பதாகச் சொல்லப்படும் மலைக்குப் போக வழி வேண்டும் என்றார் அவர். அரசர் பல்லக்குக் கொடுத்தார். கூடவே நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் தன் பரிவாரத்தில் பத்துப் பேரையும் உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் அனுப்பினார்.

இதை நான் வாசித்தபோது மலையைவிட அந்தக் கூட்டமே என் மனத்தில் நின்றது. ஆண்டுதோறும் அந்த மலைக்கு யாத்திரை போகும் பழக்கமுள்ள யோகிகள் வழிகாட்ட, முஸ்லிம் காழி ஒருவர் பாவாத மலைக்கு ஏறுகிறார். அட்டையைப் பற்றிக்கூட அவர் எழுதியிருக்கிறார். அட்டை கடித்தால் பிழிந்துவிட இவ்வூரார் எலுமிச்சம்பழத்தைத் தயாராக வைத்திருப்பார்கள் என்கிறார். மலையில் ஏறப் பிடித்துக்கொள்ளும் சங்கிலிகள் பத்து என்றும், பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர் என்றும், அங்கே நின்று கீழே பார்ப்பவர் விழுந்துவிடும் பயத்தில் கலிமாச் சொல்வார் என்றும் குறித்திருக்கிறார். இந்நாட்டு மக்கள் முஸ்லிம் பயணிகளைத் தம் வீட்டில் தங்கவைத்து உணவளித்ததையும் அவர் மறக்காமல் எழுதினார். சகபயணிகளிடம் கேட்டும் பார்த்தும் அறிந்ததால் இவையெல்லாம் அவர் ஏட்டில் ஏறின. பல்லக்கின் திரையை இழுத்துவிட்டுத் தூங்கியிருந்தால் நமக்கு இதில் ஒன்றும் கிடைத்திராது.

இன்னொரு சான்று காலியில் கிடைத்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு அவர் இலங்கைக்குக் கொண்டுவந்த கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள் உள்ளன. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் புகழும் காணிக்கையும் எழுதப்பட்டிருக்கின்றன. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல் இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. ஒரு துறைமுக ஊரில் யார் யார் கூடுவார்கள், அவர்களிடம் எந்த மொழியில் பேச வேண்டும் என்று யோசித்து வெட்டிய கல் அது. அறுநூறு ஆண்டுக்கு முன் ஒரு பயணிக்கு அந்த யோசனை இருந்தது.

இன்றும் அந்த மலையில் ஒரு பழைய பழக்கம் மிச்சமிருக்கிறது. மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை பருவகாலம். ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு இரவு பகலாக பஸ் ஓடும். சிங்களவர் ஸ்ரீபாத என்கிறார்கள். இந்துக்கள் சிவனொளிபாதமலை என்கிறார்கள். நாம் பாவாத மலை என்கிறோம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கி வருபவரும் ஏறிப் போகிறவரும் எதிர்ப்படும்போது "கருணாவய்" என்று ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்வார்கள். கருணை உண்டாகட்டும் என்ற பொருளில் சொல்லப்படுவது. பெயர் தெரியாது, ஊர் தெரியாது, சாதி சமயம் தெரியாது. மூச்சு வாங்குகிற ஒருவருக்கு மூச்சு வாங்குகிற இன்னொருவர் சொல்லும் சொல் அது. அதே மக்கள் மலையை விட்டிறங்கி பஸ்ஸில் ஏறியவுடன் ஏன் ஊமையாகிவிடுகிறார்கள் என்று நான் யோசித்ததுண்டு.

என் மாமி நானுஓயாவுக்குப் பக்கத்தில், வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார். விடுமுறை நாட்களில் நான் அங்கே போய் உதவி செய்வதுண்டு. காலையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் பருப்பும் மேசைக்கு வரும்போது, முதல்நாள் இரவு ஒருவரையொருவர் அறியாமல் வந்த இரண்டு குடும்பங்கள் அதே மேசையில் அமர்கின்றன. பேச்சு எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறது. "எங்கிருந்து வருகிறீர்கள்? அடுத்தது எங்கே? கோச்சியில் டிக்கட் கிடைத்ததா?" பத்து நிமிடத்தில் ஒருவர் மற்றவருக்கு வரைபடத்தில் வழி காட்டுகிறார். பிள்ளைக்கு வயிற்றுக்கோளாறு என்றால் மற்றவர் தன் பையிலிருந்து மருந்தெடுத்துக் கொடுக்கிறார். ஹோட்டன் சமவெளிக்குப் போக இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு வான் பிடித்துச் செலவைப் பாதியாக்கிக்கொள்கின்றன. பிரியும்போது கட்டியணைத்துக்கொள்பவர்களும் உண்டு. கூட்டத்தில் அரபு நாட்டிலிருந்து வந்த தாயொருத்தி இருந்தாள். மொழி விளங்காமலே மாமியோடு அடுப்படியில் நின்று இஞ்சித் தேநீர் போடக் கற்றுக்கொண்டு போனாள்.

இவர்களிடம் குறையில்லை என்று நான் சொல்லவரவில்லை. தேயிலை மலையில் கூடை சுமந்து நிற்கும் பெண்ணைக் கேட்காமலே படம் எடுப்பவர்கள் அநேகம். அந்தப் படம் உலகமெல்லாம் போகும். படத்தில் இருப்பவளின் பெயர் அடுத்த லயத்துக்கும் போகாது. ஒருமுறை மாமி வீட்டில் தங்கியிருந்த வயதான பெண்ணொருவர், ஓய்வுபெற்ற தாதி, என்னைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போனார். வழியில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஓர் அக்காவைக் கண்டு, கமராவை வெளியே எடுக்காமல், "இந்தக் கூடை எவ்வளவு பாரம்?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அக்கா சிரித்துவிட்டு, பதினெட்டுக் கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர்தான் போடுவார்கள் என்றார். அப்படியென்றால் என்ன என்று அவர் கேட்க, அரைநாட் சம்பளம் என்று நான் விளக்கினேன். தாதி சற்று நேரம் பேசவில்லை. பின் தன் முழங்கால் வலியைச் சொன்னார்; அக்கா தன் தோள்பட்டை வலியைச் சொன்னார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வைத்தியம் சொல்லிக்கொண்டார்கள். நடுவில் நின்ற எனக்கு இரண்டு மொழியிலும் வலியின் பெயர்கள் பல தெரியவந்தன.

பயணி கேட்ட ஒரு கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவை எட்ட 2021 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மலையைப் பார்க்க வருபவர் ஒரு கோப்பை தேநீருக்குக் கொடுக்கும் விலை சில விடுதிகளில் அதற்கு மிகவும் குறைவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில் மூன்று தலைமுறை வாழ்கிறது. எதிர்மலையில் அதே தோட்டத்துத் துரை பங்களா உல்லாச விடுதியாகியிருக்கிறது. பயணி இதைக் கேட்டறியாமல் போனால் அவர் பார்த்தது பச்சை நிறம் மட்டுமே.

அழகான கோச்சிப் பாதை என்று உலகம் புகழும் நம் இருப்புப்பாதையையும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்டிக்கு 1867இல் வந்த பாதை, 1885இல் நானுஓயாவை எட்டியது. 1924இல் பதுளையில் முடிந்தது. முதலில் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கிய பாதை அது. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களைக் கணக்குப் பார்த்துப் பிரித்தது. அதன்பின் பல ஆண்டுகள் இதே ஹட்டன் ஸ்டேஷனிலும் நானுஓயாவிலும் தலைமன்னார்ப் பயணத்துக்குக் குடும்பங்கள் ஏற்றப்பட்டன. அக்கா ஒரு நாட்டுக்கு, தங்கச்சி ஒரு நாட்டுக்கு. மேடையில் நின்றவரும் பெட்டியில் இருந்தவரும் சேர்ந்து அழுததால் சனங்கள் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். இன்று அதே மேடையில் நின்று சிரித்துக்கொண்டு படமெடுக்கும் பயணிக்கு இதைச் சொல்ல யார் இருக்கிறார்? இங்கே பிறந்த நாம்தான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முதலில் நாம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள அந்த மக்களோடு பேச வேண்டும்.

இங்கேதான் என் மனத்திலுள்ள முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். ஜேர்மனியிலிருந்து வந்தவரோடு நாலு வார்த்தை ஆங்கிலம் பேச நம்மில் பலருக்கு ஆசையுண்டு. ஆனால் ஒவ்வொரு நாள் காலையும் அதே பஸ்ஸில், தோட்டப் பாடசாலைச் சீருடையோடு ஏறுகிற தங்கச்சியின் பெயர் நமக்குத் தெரியுமா? அவளும் தமிழ்தான் பேசுகிறாள். நம் வாப்பாமாரின் கடைகளில் அவளுடைய அம்மா கணக்கு வைத்து அரிசி மாவு வாங்குகிறார். நம் பெருநாளுக்கும் அவர்களுடைய தீபாவளிக்கும் கடைத்தெரு ஒன்றாகவே நிரம்புகிறது. அப்படியிருந்தும் டவுன்காரர், தோட்டத்தார் என்று பஸ்ஸுக்குள்ளேயே ஒரு கோடு விழுந்திருக்கிறது. கடையில் இருப்பவருக்கும் கடைக்கு வருபவருக்கும் இடையில் கணக்குக் கொப்பி இருக்கிறது. அவர்களின் பிள்ளைகளாகிய எங்களுக்கு இடையில் அந்தக் கொப்பி எதற்கு? கடல் கடந்து வரும் பயணி ஒரு நாளோடு போய்விடுவார். இந்தத் தங்கச்சியோடுதான் நாம் ஆயுள் முழுவதும் ஒரே பாதையில் போகவேண்டியிருக்கிறது.

சிங்கள அயலவரைப் பற்றியும் ஒரு சொல். 2019க்குப் பின் அபாயாவோடும் ஸ்கார்போடும் பயணம் செய்வது என்னவென்று நம் உம்மாமாருக்குத் தெரியும். பக்கத்து ஆசனம் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தவர்கள் இருந்தார்கள். அக்காலத்தில் ஒருநாள், ஹட்டன் பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா வந்து அமர்ந்தார். சற்று நேரம் பொறுத்து உம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "அம்மாவுக்கு எங்கே இறங்க வேண்டும்?" என்று கேட்டார். அவ்வளவுதான். வட்டவளையைத் தாண்டுவதற்குள் அவருடைய மகனின் திருமணம், மரக்கறி விலை, உம்மாவின் சீனி வருத்தம் எல்லாம் பேசி முடிந்துவிட்டது. இறங்கும்போது என் தலையைத் தடவி, "துவே, நன்றாகப் படி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தன் ஊரில் போய் முஸ்லிம்களைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால், உம்மாவை நினைத்துக்கொண்டுதான் பதில் சொல்வார். சந்தேகத்தைப் போக்க எத்தனையோ மாநாடுகள் நடந்தன. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அந்த முக்கால் மணித்தியாலப் பேச்சு செய்த வேலையை நான் கண்ணால் கண்டேன்.

இனி, பெற்றோரின் பக்கத்துக்கு வருவோம். "உலகம் கெட்டுக் கிடக்கிறது, இந்தப் பிள்ளை பேசச் சொல்கிறதே" என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. அந்தப் பயம் வீணானதல்ல. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கையில் நடத்திய ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் தொல்லைக்கு உட்பட்டதாகச் சொன்ன பெண்கள் பத்துக்கு ஒன்பது பேர். இதை மறைத்துவிட்டுப் பயணத்தின் இனிமையைப் பற்றி மட்டும் எழுதினால் அது நேர்மையல்ல.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தொல்லை கொடுப்பவன் தேடுவது, யாருடனும் பேசாமல் ஒதுங்கி இருக்கிற பிள்ளையை. முன் ஆசனத்து ஆன்ட்டியிடம் ஏறியவுடன் ஒரு வார்த்தை பேசிவைத்த பிள்ளைக்கு, தேவைப்படும்போது கூப்பிட ஒரு குரல் இருக்கிறது. பெட்டியில் நாலு பெண்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தால் அந்தப் பெட்டி நம்முடையது. வாயை மூடிக்கொள்ளப் பழகிய பிள்ளை, சத்தம் போடவேண்டிய நேரத்திலும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கும்.

தனியே ஊர் சுற்ற விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மார்க்கம் வகுத்த வரம்பையும் குடும்பத்தின் ஒழுங்கையும் விட்டுவிடச் சொல்லவில்லை. வாப்பா, உம்மா கூட இருக்கும்போதே பழக்கிவிடுங்கள் என்கிறேன். எந்த வீடு, எந்தத் தெரு, போன் இலக்கம் என்ன, தனியாகவா போகிறாய் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடாது என்று சொல்லித்தாருங்கள். பெண்களோடும் குடும்பங்களோடும் பேசலாம், தின்னக் கொடுத்தால் மரியாதையாக மறுக்கலாம், பேச்சு பிடிக்காவிட்டால் எழுந்து ஆசனம் மாறலாம், கொண்டக்டரிடம் உரக்கச் சொல்லலாம் என்பவற்றையும் சொல்லித்தாருங்கள். நீச்சல் தெரியாத பிள்ளையைக் குளத்துக்கு அனுப்பாமல் வைத்திருக்கலாம். நாளை பல்கலைக்கழகத்துக்கு அனுமதி கிடைத்து, பேராதனைக்கோ ஒலுவிலுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும்போது அவள் பஸ் ஏறித்தான் ஆகவேண்டும். அன்று அவளுக்குத் துணையாக வரப்போவது நீங்கள் இன்று பழக்கிவிடுகிற பேச்சும் நிதானமும்தான்.

கல்லூரிச் சுற்றுலாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு பஸ்ஸை வாடகைக்கு எடுத்து, உரத்த பாட்டோடு புறப்பட்டு, ஹக்கல பூந்தோட்டம், கிரகரி வாவி, ஒரு தேயிலைத் தொழிற்சாலை என்று இறங்கி ஏறி, சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதுதான் பெரும்பாலான பாடசாலைகளின் வழக்கம். காலையில் புறப்பட்ட நாற்பது பேரும் இரவில் அதே நாற்பது பேரைத்தான் கண்டு திரும்புகிறோம். மகிழ்ச்சியான நாள்தான், அதைக் குறை சொல்லவில்லை. வருடத்தில் ஒரு பயணமாவது வேறுவிதமாக இருக்கட்டும் என்கிறேன்.

மூன்றாம் வகுப்புப் பெட்டியில், ஆசிரியைகளோடு ஹட்டனிலிருந்து பண்டாரவளைக்குப் போய் வருவோம். நாட்டின் உயரமான ஸ்டேஷனான பட்டிப்பொலையைத் தாண்டும்போது குளிரில் எல்லோரும் ஒன்றாகத்தான் நடுங்குவார்கள். பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல இடமில்லை. ஒவ்வொரு மாணவியும் ஒரு பெண் பயணியுடனாவது பேசி, அவர் எங்கிருந்து எதற்காகப் போகிறார் என்பதை அவருடைய சம்மதத்தோடு ஒரு பக்கத்தில் எழுதி வரட்டும். மருத்துவமனைக்குப் போகிற பாட்டி, மகளைப் பார்க்கப் போகிற தாய், நேர்முகப் பரீட்சைக்குப் போகிற அக்கா என்று நாற்பது பக்கம் சேர்ந்தால், அது எந்தக் கட்டுரைப் போட்டியையும்விட நல்ல தமிழ்ப் பயிற்சி. அவற்றுள் சிறந்தவை அடுத்த ஆண்டு இந்த மலரிலேயே வரலாம்.

அதேபோல, பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றோடு தவணைக்கு ஒருநாள் கூடுவோம். அவர்கள் இங்கே வரட்டும்; நாமும் அங்கே போவோம். உதவிப் பொதி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் நாளாக அது இருக்கக்கூடாது. ஒரே வினாத்தாளைச் சேர்ந்து செய்கிற நாளாக, அவர்கள் வீட்டுப் பாட்டியிடம் கோச்சிக் கதை கேட்கிற நாளாக இருக்கட்டும். சிங்களப் பேச்சையும் பரீட்சைக்காக மட்டும் வைத்திருக்காமல், பஸ்ஸில் ஒரு அம்மாவிடம் நலம் விசாரிக்கும் அளவுக்காவது பழகுவோம்.

வாசிக்கும் தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மலர் உங்கள் கைக்கு வரும் வாரத்தில், நீங்கள் வழமையாகப் போகும் பஸ்ஸில், வழமையாக வரும் ஒரு பெண்ணிடம் ஸலாமோ வணக்கமோ "ஆயுபோவனோ" சொல்லிப் பெயர் கேட்டுப் பாருங்கள். மறுநாள் அவள் உங்களுக்காகப் பையை எடுத்துவிட்டு இடம் ஒதுக்கி வைத்திருப்பாள்.